பேனரில் இருந்த கன்னம்

என் சாமிக்கு அப்பா எழுதுவது.

இது என் கையெழுத்துதான். பக்கத்து வீட்டில் யாரையும் பிடித்து எழுதி வாங்கவில்லை. கோடு போட்ட தாள்தான், ஆனாலும் என் எழுத்து கோட்டின் மேல் நிற்க மாட்டேன் என்கிறது. லாரி ஸ்டியரிங் பிடித்துப் பழகிய கை பேனாவையும் அதே முரட்டுப் பிடியாகப் பிடிக்கிறது. இரண்டு இடத்தில் தாள் கிழிந்துவிட்டது, பார்த்திருப்பாய். ஒரு பக்கம் முடிக்க ஒரு பொழுது ஆகிறது. உன் அம்மா சோற்றுக்குக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "கலெக்டர் பரிட்சை எழுதறாராட்ட இருக்குது, தொந்தரவு பண்ணக்கூடாது" என்று எருமையிடம் சொல்லிக்கொண்டு போகிறாள். கோணல்மாணலாக இருந்தாலும் பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி. மேலே 'சாமி' என்று எழுதிவிட்டு அதையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பிறந்ததிலிருந்து வாயால் கூப்பிட்ட பெயர், இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் எழுத வேண்டிய சங்கதி சந்தோஷமானதல்ல. வெள்ளிக்கிழமை கோகிலா பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொள்ளப் போகிறாள் என்று நீ போனில் சொன்னாய். "உங்களுக்கு கேன்சர் நல்லாகோணும்னு முடி வேண்டிக்கிட்டாளாமாப்பா. அவங்கம்மா அழுது பாத்தும் கேக்கலையாம்" என்றாய். உன்னோடு கல்யாணத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லாத பெண் உன் அப்பனுக்காக முடி கொடுக்கிறாள் என்று உன் குரலில் ஒரு பெருமை இருந்தது. நான் "சரி சாமி" என்று மட்டும் சொல்லிப் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கண்ணு, எனக்குக் கேன்சர் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. என் கன்னம் அழுகிப்போனது, அழகாகத் தெரிய வேண்டும் என்று நானே தேடிப் போய்ப் போட்டுக்கொண்ட ஊசியால். இந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். வெளியே போய்க் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மேலே எழுதுகிறேன்.

போன வருஷம் நம் புது வீட்டில் பால் காய்ச்சியபோது உன் சினேகிதர்கள் ரோட்டு முக்கில் பேனர் கட்டினார்களே, அங்கேதான் இது ஆரம்பித்தது. பேனரில் மற்றவர்கள் எழுத்தைப் பார்ப்பார்கள், எனக்கு அப்போது எழுத்து தெரியாது, முகம் ஒன்றுதான் தெரியும். பல் எல்லாம் போய்விட்டது. ஊர் ஊராகப் போர் போடும் ரிக் வண்டி ஓட்டிய காலத்தில் தூக்கம் வராமல் இருக்கப் போட்ட புகையிலை தின்ற பற்கள் அவை. இரண்டு பக்கமும் கன்னம் குழி விழுந்து, கண் உள்ளே போன முகத்தை ஆள் உயரத்துக்கு அடித்து மாட்டியிருந்தார்கள். மறுநாள் டீக்கடையில் என் பழைய கூட்டாளி ராமசாமி எல்லார் முன்னாலும் சொன்னான்: "ஏனுங்ணா, உங்க பேனரப் பாத்துப்போட்டு எனக்கு நெஞ்சு பக்குன்னு ஆயிருச்சு. மாலை வாங்கோணும்னு வண்டியத் திருப்பிட்டேன். கிட்டக்க வந்து படிச்சாத்தான் தெரியுது, கண்ணீர் அஞ்சலி இல்ல, புதுமனை புகுவிழான்னு!" கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் முக்கில் தனியாக நின்று அந்தப் பேனரைப் பார்த்தேன். படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது புது வீடு. படிக்கத் தெரியாத எனக்கு அது செத்துப்போன ஒருவனின் படமாகத்தான் இருந்தது.

அப்புறம் உன் நிச்சயம் வந்தது. ஆட்டையாம்பட்டியில் பேனர் அடிக்கக் கொடுக்க நான்தான் போனேன், நீ ஓசூரில் இருந்தாய். கடைக்காரர் கம்ப்யூட்டரில் என் படத்தை வைத்துவிட்டு, "அண்ணா, கன்னத்துல கொஞ்சம் சதை வெச்சு உடட்டுங்களா?" என்றார். சரி என்றேன். கையை இப்படி அப்படி நகர்த்தினார், குழி மூடிக்கொண்டது. உன் அம்மாவைக் கைப்பிடித்தபோது எனக்கு இருந்த முகம் அங்கே வந்து உட்கார்ந்தது. அத்தனை சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். வீட்டில் சவரம் செய்யக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. மண்டப வாசலில் ஒருவன் எல்லாரையும் வரவேற்பான், உள்ளே வேறொருவன் உட்கார்ந்திருப்பான். ராசிபுரத்துச் சம்பந்தி வீட்டார் எல்லாம் உத்தியோகஸ்தர்கள். வாசலில் பார்த்ததையும் உள்ளே பார்த்ததையும் ஒப்பிட்டுச் சிரிப்பார்களே என்று நினைத்தேன். கடைக்காரரிடம் திரும்பப் போய்ப் பழைய படத்தையே போடச் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லத்தான் போனேன். அவர் விளையாட்டாக, "கம்ப்யூட்டர்ல நான் வெச்சுட்டேன், நேர்ல வெக்கிறதுக்கு சேலத்துல ஆளு இருக்குதுங்ணா. சினிமாக்காரங்க பண்றதுதான்" என்றார். நான் படத்தை மாற்றச் சொல்லவில்லை. அந்த இடம் எங்கே என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.

நீ பத்தாவது படிக்கும்போது முகமெல்லாம் பரு வந்து, யாருக்கும் தெரியாமல் ஒரு கிரீம் வாங்கிப் புத்தகப் பைக்குள் வைத்திருந்தாயே. அதை எடுத்துத் தெருவில் வீசினேன். "ஆம்பளப் பையனுக்கு என்றா மூஞ்சி? ரிக்குல சேறடிச்சா இந்தக் கிரீம் நிக்குமா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். நீ வெளியே போய் மண்ணில் கிடந்ததைப் பொறுக்கி எடுத்து, துடைத்து, சட்டைக்குள் மறைத்துக்கொண்டதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன். சேலத்தில் அந்த மாடிப்படி ஏறும்போது எனக்கு அது நினைவுக்கு வந்தது. நினைவு வந்தும் ஏறினேன்.

செல்போன் கடைக்கு மேலே ஒரு அறை. குளிர்ச்சி மெஷின், நாற்காலி, பெரிய கண்ணாடி. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் வந்தாள். வெள்ளைக் கோட்டு என்றால் எனக்கு டாக்டர்தான். "டாக்டரம்மா" என்று கூப்பிட்டேன், அவளும் இல்லை என்று சொல்லவில்லை. சர்க்கரை இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், எதுவும் கேட்கவில்லை. "ஃபில்லர் ஊசி போட்டா கன்னம் ரொம்பிடும், பத்து வயசு கொறஞ்சுடும் அங்கிள்" என்றாள். இரண்டு கன்னத்திலும் ஊசி இறக்கினாள். கண்ணாடியைக் காட்டினாள். வலித்தது, ஆனால் குழி இல்லை. வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா வெறித்துப் பார்த்து, "இதென்னங்க மூஞ்சி, பணியாரமாட்ட உப்பிக் கெடக்குது?" என்றாள். சத்து ஊசி போட்டேன் என்றேன். அவளிடம் சொன்ன முதல் பொய் அது. நிச்சயத்தன்று சம்பந்தி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "பேனர்ல பாத்த மாதிரியே இருக்கறீங்களே சம்பந்தி!" என்றார். அதைக் கேட்டு நான் மிதந்தேன், கண்ணு. உன் நிச்சயத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்தது உன்னை அல்ல. போட்டோக்காரர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நாளில் இடது கன்னம் சிவந்தது, அப்புறம் கல்லாகக் கெட்டியானது. திரும்பச் சேலம் போனேன். ஐஸ் வை என்றாள். இன்னொரு தடவை போனபோது அறை பூட்டியிருந்தது. அதற்குள் சீழ் பிடித்து உடைந்து, மேல் தோல் கருத்துவிட்டது. உன் அம்மா ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரிடமும் பல்வலி என்றுதான் சொன்னேன். இல்லாத பல்லுக்கு வலி. அவர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "பெரியவரே, இது பல்லால வந்தது இல்லீங்க. யாரு ஊசி போட்டாங்க?" என்றார். பக்கத்தில் உன் அம்மா நிற்கும்போதே சொல்ல வேண்டியதாயிற்று. உள்ளே போயிருப்பது தானாகக் கரையக்கூடிய மருந்துகூட இல்லை, என்னவென்றே தெரியவில்லை, அழுகினதோடு சேர்த்துச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும் என்றார். உன் அம்மா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, "பையன் கல்யாணத்துக்கு நிக்கறான், இவரு மாப்ள ஆகப் போயிருக்கறாரு" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையைக் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

கேன்சர் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, அது உண்மை. ஆனால் அது உண்மை வேஷம் போட்ட பொய். பார்க்க வந்த ராமசாமி, "பொகையில போட்டீங்கல்லங்ணா, அதானே? கேன்சருங்களா?" என்று தழுதழுத்தான். கண்ணீர் அஞ்சலி என்று கேலி பண்ணியவன் என் காலைத் தொட்டு அழுதான். நான் ஆமாம் என்றும் தலையாட்டவில்லை, இல்லை என்றும் தலையாட்டவில்லை. சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. உன் அம்மாவும், "நோவுன்னா பாவம்பாங்க, இதச் சொன்னாச் சிரிப்பாங்க, உடுங்க" என்று இருந்துவிட்டாள். நீ ஞாயிற்றுக்கிழமை லீவில் ஓடி வந்தபோது டாக்டர் இல்லை. ரிப்போர்ட்டைக் கேட்டாய், அது வீட்டுப் பீரோவில் இருக்கிறது என்றாள் உன் அம்மா. என் கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்துவிட்டுக் காலையில் வேலைக்குப் போனாய். உன் முதுகைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் கட்டியிருந்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கட்டு அவிழ்த்த பிறகும் சொல்லவில்லையே.

வாய் கட்டியிருந்த அந்த நாட்களில்தான் எழுத்து தெரியாத கஷ்டம் என்னவென்று தெரிந்தது. நர்ஸம்மா ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து, "பேசக்கூடாது தாத்தா, என்ன வேணுமோ எழுதிக் காட்டுங்க" என்றாள். தாகம். நான் ஒரு டம்ளர் வரைந்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றுக்குப் போகும் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்துக் கட்டில்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்து தையல் இழுத்தது. வீட்டுக்கு வந்ததும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு நடக்கிற சாயங்கால வகுப்பில் போய் உட்கார்ந்தேன். எல்லாம் நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள், ஆம்பளை நான் ஒருவன்தான். முகத்தில் துண்டு சுற்றியிருப்பேன். "ஏனுங்க மாமோவ், புதுப் பொண்ணாட்ட மூடிக்கிட்டு வாரீங்க, நாங்க ஒண்ணும் தூக்கிட்டுப் போயிர மாட்டோமுங்க" என்று கிண்டல் பண்ணுவார்கள். ஆனால் நான் 'அம்மா' என்று எழுதிக் காட்டிய அன்றைக்கு அத்தனை பேரும் கை தட்டினார்கள். வழக்கமாக நிறத்தைப் பார்த்துப் பஸ் ஏறுகிறவன், இப்போது பஸ்ஸின் நெற்றியில் இருப்பதை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடுகிறது. அடுத்த பஸ்ஸுக்கு நிற்பதில் எனக்கு வருத்தமே இல்லை.

போன மாதம் சேலத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டு அந்தச் செல்போன் கடை வழியாக வந்தேன். மாடியில் பழைய போர்டு அப்படியே இருந்தது. ரோட்டோரம் நின்று கூட்டிக் கூட்டிப் படித்தேன். மணப்பெண் அலங்காரம், மருதாணி, புருவம் திருத்துதல். கீழேயிருந்து மேல்வரை தேடினேன். டாக்டர் என்கிற வார்த்தை அதில் எங்கேயும் இல்லை. என்னைத் தாண்டிப் போனவர்கள் கிழவன் எதற்கு இதைப் படிக்கிறான் என்று நினைத்திருப்பார்கள். படிக்கத் தெரிந்திருந்தால் ஏறியிருக்க மாட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைக்கு நான் இருந்த இருப்பில், படித்திருந்தாலும் ஏறித்தான் இருப்பேன்.

கோகிலா ஆவணியில் அவள் அம்மாவோடு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள். நான் துண்டோடு உட்கார்ந்திருந்தேன். "மாமா, துண்ட எடுங்க, நான் பாக்கோணும்" என்றாள். வேண்டாம் அம்மிணி என்றேன். "நோவு வந்ததுக்கு வெக்கப்பட என்னங்க மாமா இருக்குது? நீங்களா போயி வாங்கிட்டு வந்தீங்க?" என்றாள். நானாகத்தான் போய் வாங்கிக்கொண்டு வந்தேன், கண்ணு. உன் அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். கோகிலாவின் அம்மா பேச்சை மாற்ற, "இவ சடையப் பாருங்க சம்பந்தி, பொண்ணுப் பாக்க வந்தவீங்க எல்லாம் முடியப் பாத்துத்தான் வாயப் பொளந்தாங்க" என்று சிரித்தார்கள். கோகிலா அந்தச் சடையைப் பின்னால் தள்ளிவிட்டு என் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே வேண்டிக்கொண்டிருக்கிறாள் என்பது நீ சொன்ன பிறகுதான் தெரிகிறது. "முடி வளந்துரும், மாமா மூஞ்சி நல்லாகட்டும்" என்று அவள் சொன்னதாக நீ சொன்னாயே, அதைக் கேட்ட அன்றைக்கே இந்தத் தாளை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். கல்யாணப் பெண் மொட்டைத் தலையோடு மணவறையில் உட்காரத் துணிந்திருக்கிறாள். மாப்பிள்ளையின் அப்பனான நான் குழி விழுந்த கன்னத்தோடு நாற்காலியில் உட்கார முடியாமல் போய்விட்டேன்.

புதன்கிழமை எனக்கு அடுத்த ஆபரேஷன். புண் நன்றாக ஆறட்டும் என்று டாக்டர் இத்தனை மாதம் காத்திருந்தார். காதுக்குக் கீழே கழுத்துச் சதையைத் தோலோடு மேலே நகர்த்தி, கன்னத்தில் பள்ளமான இடத்தில் வைத்துத் தைப்பாராம். இழுத்துக்கொண்டு போன வாயோரத்தையும் கொஞ்சம் கீழே விடுவாராம். "பழைய மூஞ்சி வராதுங்க, ஆனா சாப்பாடு வெளிய ஒழுகாது, பேச்சு தெளிவா வரும்" என்றார். எனக்கு அது போதும். ஆனால் வெள்ளிக்கிழமை கோகிலா பழனிக்குக் கிளம்பும்போது என் வாய் மறுபடியும் கட்டியிருக்கும். இந்தத் தடவை அதைச் சாக்காக வைத்துக்கொள்ளப் போவதில்லை. அதனால்தான் நாளைக்கு உன் அம்மா இதைத் திருச்செங்கோட்டில் கூரியரில் போடுகிறாள். கையில் கிடைத்ததும் ராசிபுரம் போ. கோகிலாவிடம் கொடுத்து அவளையே படிக்கச் சொல். சம்பந்தி கேட்டால் அவர் முன்னால் சத்தமாகப் படி. பேனரைப்போலவே இருக்கிறேன் என்று சொன்ன மனுஷர் அவர், அவருக்குத் தெரிய வேண்டும். சிரித்தால் சிரிக்கட்டும். பொய் சொன்ன வீட்டில் பெண் கொடுக்க மாட்டோம் என்று சொன்னால், உனக்கு நான் செய்த பெரிய கெடுதலாக அது இருக்கும். நீ என்மேல் கோபப்படு. அவள்மேல் ஒருநாளும் கோபப்படாதே. இத்தனையும் தெரிந்த பிறகும் அவள் முடி கொடுத்தே தீருவேன் என்றால் அது அவளுக்கும் பழனி ஆண்டவனுக்கும் உள்ளது, ஆனால் எனக்கு வராத நோவுக்காக வேண்டாம் என்று நான் கும்பிட்டுக் கேட்டேன் என்று சொல். உங்கள் வாழ்க்கையில் ஒருவருக்கொருவர் சிரிக்கும்படியான காரியத்தை நீங்கள் நூறு செய்வீர்கள். செய்த அன்றைக்கே சொல்லிவிடு. நான் சிரிப்புக்குப் பயந்து ஊரையே அழவைத்துவிட்டேன்.

கல்யாணம் நடந்தால் பேனரில் என் படம் வேண்டாம். பெயரை மட்டும் பெரிய எழுத்தில் போடச் சொல். மண்டப வாசலில் துண்டு இல்லாமல் நின்று அதைக் கூட்டிப் படித்துப் பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை கோகிலா பழனிக்குப் போகாமல் வீட்டில்தான் இருக்கிறாளா என்று உன் அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடு. அவள் என் காதில் சொல்வாள். அந்த நர்ஸம்மா மறுபடியும் நோட்டைக் கொண்டுவந்து நீட்டுவாள், இந்தத் தடவை நான் டம்ளர் வரையப் போவதில்லை. முதலில் தண்ணீர் என்று எழுதிக் காட்டிவிட்டு, அடுத்த வாரம் அந்த நோட்டிலேயே உனக்கு எழுதுகிறேன். கோகிலா வாங்கிக்கொள்வாள் என்று நீ சொன்னால், அவளுக்கும் ஒன்று.

அப்பா